பிரான்சைச் சுற்றி மூன்று வாரம்

விளையாட்டுப் போட்டிகளுட் பெரும்பாலானவை ஒரு மைதானத்தினுள் அடங்குவன. கோடு கீறி, வேலி அடைத்து, அனுமதிச் சீட்டு விற்று நடத்தப்படுவன. பிரான்சு தேசத்தில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் நடைபெறும் துவிச்சக்கர வண்டிப் போட்டி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு மைதானம் அத்தேசமே. வயல்வெளியும் திராட்சைத் தோட்டமும், கடற்கரை வீதியும் மலைக் கணவாயும் அதன் ஓடுபாதைகள். வாயிற்புறத்தே நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் மூதாட்டியும் ஒரு காசும் கொடாமல் அதனைக் கண்டுகளிக்கலாம். 'தூர் த பிரான்சு' என்று அந்நாட்டார் அதனை வழங்குவர். பிரான்சைச் சுற்றி வருதல் என்பதே அப்பெயரின் பொருள்.

இருபத்துமூன்று நாள் நீடிக்கும் இப்போட்டியில் ஓய்வு நாள் இரண்டு. எஞ்சிய இருபத்தொரு நாளும் நாளுக்கொன்றாக ஓட்டம் நிகழும். அவ்வாறு நிகழும் ஒவ்வொரு நாளோட்டமும் ஒரு கட்டம் எனப்படும். மொத்தத் தூரம் அண்மைக் காலங்களில் 3,300 முதல் 3,500 கிலோமீற்றர் வரையில் அமைகின்றது. அணிக்கு எட்டுப் பேர் வீதம் இருபதுக்கு மேற்பட்ட அணிகள் இதிற் பங்குபற்றுகின்றன. இத்தாலியில் 1909ஆம் ஆண்டிலும், ஸ்பெயினில் 1935ஆம் ஆண்டிலும் இதே வகையான போட்டிகள் தொடங்கப்பெற்றன. ஆயினும் மூத்ததும், பெயர் பெற்றதும் பிரான்சுப் போட்டியே.

இதனை முதன்முறை காண்பவருக்கு ஒரு மயக்கம் ஏற்படுதல் இயல்பு. ஒரு கட்டத்தின் முடிவிலே எல்லைக் கோட்டை ஒருவன் முதலாவதாகக் கடக்கின்றான். கைதட்டல் வானைப் பிளக்கின்றது. ஆனால் தலைமைக்குரிய மஞ்சள் மேற்சட்டையை அணிந்துகொண்டு மேடையில் நிற்பவன் வேறொருவன். அவன் அன்று முப்பதாவதாகவோ அறுபதாவதாகவோ வந்தவனாகவும் இருக்கலாம். 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் கிரெக் லெமொண்ட் ஒரு கட்டத்தையேனும் வெல்லாமல் போட்டி முழுவதையும் வென்றார். ஒரு நாளும் முதல்வராக வாராதவர் எல்லாருக்கும் முதல்வராவது எங்ஙனம்?

விடை கணக்கில் இருக்கின்றது. ஒவ்வொரு வீரனும் ஒவ்வொரு கட்டத்தையும் ஓடி முடிக்க எடுத்த நேரத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருவர். கூட்டுத் தொகை எவனுக்குக் குறைவோ அவனே தலைவன். கட்டத்தை வென்றவனுக்குப் புகழும் பரிசும் உண்டு. சாதாரணக் கட்டங்களில் முதல் மூவருக்குப் பத்து, ஆறு, நான்கு என்று சில விநாடிகள் கழித்துக் கொடுப்பதும் உண்டு. இவ்வளவே. ஆகவே இன்று வென்றவன் யார் என்ற வினாவினும், இன்று எவன் எத்தனை விநாடியை இழந்தான் என்ற வினாவே ஆழமானது. விநாடி வட்டிக்கடைக் கணக்குப் போன்றது. முதல் வாரத்திற் கவனக் குறைவால் இழந்த முப்பது விநாடி, மூன்றாம் வாரத்தில் மலையுச்சியில் நின்றுகொண்டு கடனைக் கேட்கும்.

இப்போட்டி பிறந்த கதை விளையாட்டின் கதையன்று, பத்திரிகை வியாபாரத்தின் கதை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் பாரிசு நகரில் 'லோத்தோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகை மஞ்சள் நிறத் தாளில் வெளிவந்துகொண்டிருந்தது. அதற்குப் போட்டியாகப் பச்சைத் தாளில் வெளிவந்த 'லெ வெலோ' என்ற பழைய பத்திரிகையை அதனால் அசைக்க முடியவில்லை. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்சு தம் ஊழியரைக் கூட்டி ஆலோசித்தபோது, சோ லெஃபேவ்ரு என்னும் இளநிருபர், நாட்டையே சுற்றிவரும் சைக்கிளோட்டம் ஒன்றை நடத்தினால் என்ன என்று கேட்டார். அடுத்த ஆண்டு யூலை முதலாந் தேதி, பாரிசுக்கு அருகிலுள்ள மோஞ்செரோன் என்னும் ஊரில் ஒரு சிற்றுண்டிச்சாலையின் முன்னிலையில் அறுபது பேர் புறப்பட்டனர். பச்சைத் தாட் பத்திரிகை 1904ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அந்த முதற் போட்டியின் கட்டங்கள் ஆறே. அவற்றின் நீளத்தைக் கேட்பவர் வியப்புறுவர். பாரிசிலிருந்து லியோன் வரை முதற் கட்டம் 467 கிலோமீற்றர். அதனை வென்ற மோரிசு காரான் பதினேழே முக்கால் மணித்தியாலம் வண்டியை மிதித்தார். மாலையிற் புறப்பட்டவர் இரவெல்லாம் ஓடி மறுநாட் காலையிற் சேர்ந்தார் என்பது பொருள். லியோனிலிருந்து மார்செய், அங்கிருந்து தூலூசு, போர்தோ, நாந்து எனச் சுற்றி மீண்டும் பாரிசு. மொத்தம் 2,428 கிலோமீற்றர். கட்டங்களுக்கு இடையே சில நாள் ஓய்வு இருந்தது. இல்லாவிடின் ஒருவரும் மிஞ்சியிரார். கட்டம் வேறு, முழுக் கணக்கு வேறு என்பதும் அவ்வாண்டிலேயே துலங்கிற்று. முதற் கட்டத்தில் வயிற்று நோவால் விலகிய ஒகூத்தூரியே என்பவரைக் கட்டப் பரிசுக்கு மட்டும் தொடர்ந்து ஓட அனுமதித்தனர். அவர் அடுத்த இரண்டு கட்டங்களையும் வென்றார். முழுக் கணக்கில் அவருக்கு இடமில்லை.

காரான் ஏறக்குறைய மூன்று மணித்தியால வித்தியாசத்தில் முதல்வரானார். அத்தகைய பெரு வித்தியாசம் பின்னர் ஒருபோதும் ஏற்பட்டதில்லை. மறு ஆண்டிலும் அவரே முதலில் வந்தார். ஆயின் இருளில் நடந்தவை பல. வீதியில் ஆணி தூவப்பட்டது. பிடித்த வீரனுக்காக ஊர் மக்கள் மற்றவரைத் தடி கொண்டு தாக்கினர். சிலர் புகையிரதத்தில் ஏறிச் சென்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. விசாரணையின் முடிவில், முதல் நால்வரும் நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்றி கோர்னே முதல்வர் என்று அறிவிக்கப்பட்டார். அவருக்கு வயது பத்தொன்பது. அவரினும் இளையவர் எவரும் இன்றுவரை இப்போட்டியை வென்றிலர்.

கட்டத்தின் வடிவம் மாறியது இதன் பயனாகவே. இரவு ஓட்டம் களவுக்கு இடங்கொடுக்கின்றது என்பதை உணர்ந்த தெக்ராஞ்சு, கட்டங்களைக் குறுக்கி, எண்ணிக்கையைப் பெருக்கினார். 1905ஆம் ஆண்டில் ஆறு பதினொன்றாயிற்று. நேரக் கணக்கையும் கைவிட்டு, இடத்துக்கு இத்தனை புள்ளி என்ற முறையை வகுத்தார். அம்முறை 1912 வரை நிலவியது. அது நேர்மைக்கு உதவியிருக்கலாம், சுவைக்கு உதவவில்லை. ஒரு விநாடி முந்தினாலும் ஒரு மணித்தியாலம் முந்தினாலும் ஒரே புள்ளி என்றால் எவன் உயிரைக் கொடுத்து ஓடுவான்? 1913இல் நேரக் கணக்கு மீண்டது.

இதனிடையே மலைகள் போட்டியினுட் புகுந்தன. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீசு மலையின் உயர்ந்த கணவாய்கள் 1910ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டன. வழியைப் பார்த்துவரச் சென்ற இசுத்தைனசு என்பவர், தூர்மலே கணவாயிற் பனியில் அகப்பட்டு, உயிர் தப்பிக் கீழிறங்கியதும், வீதி மிக நன்று என்று தந்தியடித்தாராம். அவ்வாண்டின் வெற்றியாளரான ஒக்தாவ் லாபீசு அந்த 'நல்ல வீதி'யில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறியபோது, அமைப்பாளரைக் கண்டு கொலைஞர் என்று வைதார் என்பது அந்நாட்டில் யாவரும் அறிந்த செய்தி. அக்காலத்து வீதி கல்லும் சேறும். வண்டியிற் பாரம் குறைக்கும் கியர் மாற்றும் பொறியும் இல்லை.

இவ்விடத்தில் எசேன் கிறிசுத்தோஃப் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். 1913ஆம் ஆண்டில், அதே தூர்மலே கணவாயை முன்னணியிற் கடந்து இறங்குகையில், அவருடைய வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கவர்க்கம்பி முறிந்தது. தெக்ராஞ்சு இயற்றிய விதி கடுமையானது: பிறர் உதவி பெறலாகாது, வண்டியை மாற்றலாகாது, பழுது நேர்ந்தால் ஓட்டுபவனே திருத்த வேண்டும். கிறிசுத்தோஃப் வண்டியைத் தோளிற் சுமந்துகொண்டு, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் மலைவழியே நடந்து, சென்மாரி த கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். முந்திச் சென்ற வீரர் ஒவ்வொருவராக அவரைக் கடந்து மறைந்தனர். ஊரில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. கொல்லன் வழி சொல்லலாம், கருவி கொடுக்கலாம், கை வைக்கலாகாது. இரும்பைக் காய்ச்சி, அடித்து, பொருத்தி, கிறிசுத்தோஃப் தாமே கவரைச் செய்து முடித்தார். போட்டி நடுவர் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரே கையாற் சம்மட்டியையும் துருத்தியையும் இயக்க முடியாமையின், பட்டறையில் நின்ற சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான். துருத்தி ஊதியதும் உதவியே என்று கூறி அவருக்கு மேலும் தண்டனை நிமிடங்கள் விதிக்கப்பட்டன! மணித்தியாலக் கணக்கில் இழந்தவருக்கு நிமிடக் கணக்கில் தண்டம். அவர் மீண்டும் வண்டியேறி, எஞ்சியிருந்த கணவாய்களையும் கடந்து, கட்டத்தை முடித்தார். பாரிசை அடைந்தபோது மொத்தக் கணக்கில் ஏழாம் இடம்.

தலைவனுக்கு மஞ்சள் மேற்சட்டை அணிவிக்கும் வழக்கம் 1919ஆம் ஆண்டிற் பிறந்தது. 'லோத்தோ' பத்திரிகைத் தாளின் நிறமே அது. முதலில் அணிந்தவர் இதே கிறிசுத்தோஃப். முடிவுக்கு முந்திய கட்டத்தில் அவருடைய கவர் மீண்டும் முறிந்தது. 1922இல் மூன்றாம் முறையும் முறிந்தது. அவர் இப்போட்டியை ஒருகாலும் வென்றிலர்; ஆயினும் அந்தப் பட்டறைச் சுவரிற் பதித்த நினைவுக் கல் வென்றவர்க்கில்லை, அவர்க்கே உள்ளது.

தெக்ராஞ்சின் எண்ணத்தில் ஒரு கட்டம் என்பது தனி மனிதனை அளக்கும் கோல். தன்னந்தனியே ஒருவன் எதனைத் தாங்குவான் என்பதே அவர் காண விழைந்தது. ஒருவன் மட்டுமே பாரிசை அடையக்கூடிய போட்டியே சிறந்த போட்டி என்ற கருத்தும் அவர் பெயரால் வழங்குகின்றது. கியர்ப் பொறியைக்கூட அவர் நிருவாகத்தினின்று விலகிய பின்னரே, 1937இல், அனுமதித்தனர். ஆனால் காற்று அவருடைய கொள்கைக்கு எதிரி. முன்னே செல்பவன் காற்றைக் கிழித்துச் செல்ல, அவன் முதுகோடு ஒட்டிச் செல்பவனுக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சமாகின்றது. இந்த ஓர் உண்மை போதும், தனி மனிதர் போட்டியை அணிகளின் போட்டியாக மாற்றுவதற்கு. இன்று அணித் தலைவன் ஒருவனாயின், ஏனைய எழுவரும் அவனுக்குக் காற்று மறைப்பவர், தண்ணீர் கொண்டுவருபவர், விழுந்தவனைத் திரும்பவும் கூட்டத்திற் சேர்ப்பவர். பிரெஞ்சு மொழியில் அவர்களுக்கு வழங்கும் பெயரின் பொருள் வீட்டு வேலைக்காரன் என்பது. பெயர் சிறுமைதான், பணி சிறுமையன்று.

அப்பணியின் விலையை 1934ஆம் ஆண்டில் உலகம் கண்டது. பிரெஞ்சு அணியைச் சேர்ந்த ரெனே வியெத்தோ இருபதே வயதினர். அல்ப்சு மலைக் கட்டங்களிற் பெரியோரையெல்லாம் பின்தள்ளி வென்றவர். மஞ்சள் சட்டை அவருடைய அணித் தலைவரான அந்தோனன் மாஞ்ஞிடம் இருந்தது. பிரனீசு மலையில் மாஞ்ஞின் முன்சில்லு உடைந்தது. வியெத்தோ தம் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை வீதியோரத்துக் கற்சுவரில் அமர்ந்து அழுதார். அப்படம் அச்சேறி நாடெங்கும் பரவிற்று. பலர் அறியாத செய்தி அடுத்த நாளுக்குரியது. அன்று வியெத்தோ முன்னே சென்றுகொண்டிருந்தார். மாஞ்ஞின் வண்டி பின்னே மறுபடியும் பழுதாயிற்று. இறங்கிய மலையில் வியெத்தோ வண்டியைத் திருப்பி மேல்நோக்கி ஏறிச் சென்று, தம் வண்டியையே கொடுத்தார். மாஞ்ஞு போட்டியை வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். முதல் நாட் கண்ணீரினும் இரண்டாம் நாள் திரும்பி ஏறியதே பெரிது என்று கொள்ளலாம். ஏனெனில் இரண்டாம் நாள் அவருக்கு விலை தெரிந்திருந்தது.

கட்டங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சமவெளிக் கட்டத்திற் கூட்டம் முழுவதும் ஒன்றாகவே செல்லும். கடைசிச் சில நூறு மீற்றரில் வேகப் பாய்ச்சல் வல்லவர் முந்துவர். ஒன்றாகக் கோட்டைக் கடக்கும் கூட்டத்தில் முதல்வனுக்கும் நூறாமவனுக்கும் ஒரே நேரமே எழுதப்படும். ஆதலின் அன்று கணக்கில் மாற்றம் அருமை. விழாதிருத்தலே தலைவனின் வேலை. மேடு பள்ளக் கட்டங்கள் துணிந்து தப்பியோடுவோருக்கு ஏற்றவை. மலைக் கட்டத்திலோ வேகம் குறைவதால் காற்றின் உதவியும் குறைகின்றது; உடல் எடையும் மூச்சும் தாமே தீர்ப்புக் கூறுகின்றன. ஏற்றங்களைக் கடுமைக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரித்து, அவற்றிலும் அடங்காதவற்றை வகுப்புக்கு அப்பாற்பட்டவை என்பர். நிமிடங்கள் கைமாறுவது அங்கேதான்.

இனி, தனியோட்டக் கட்டம் என ஒன்றுண்டு. வீரரை இடைவெளி விட்டு ஒருவர் ஒருவராக அனுப்பி, கடிகாரத்தோடு மட்டும் போரிட வைப்பது அது. காற்று மறைக்க எவரும் இல்லை. இதுவும் 1934இலேயே இப்போட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் கடைசிக் கட்டம் வேர்சேயிலிருந்து பாரிசு வரை 24.5 கிலோமீற்றர்த் தனியோட்டம். பிரெஞ்சு வீரர் லொரான் ஃபின்யோன் ஐம்பது விநாடி முன்னணியில் இருந்தார். இரண்டாம் இடத்தில் லெமொண்ட். இரண்டாண்டின் முன் வேட்டைத் துப்பாக்கி விபத்திற் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர். அவ்வளவு குறுந்தூரத்தில் ஐம்பது விநாடியைப் பறிக்க இயலாது என்றே பலரும் எண்ணினர். லெமொண்ட் முன்னோக்கி நீண்ட கைபிடியைப் பற்றிக் குனிந்து, நீண்ட வால் போன்ற தலைக்கவசம் அணிந்து ஓடினார். ஃபின்யோன் வெறுந்தலையராய், பின்னற் கூந்தல் காற்றில் ஆட ஓடினார். அவர் இழந்தது ஐம்பத்தெட்டு விநாடி. எண்பத்தேழு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய பின், இருவருக்கும் இடையே நின்ற வித்தியாசம் எட்டு விநாடி. இதனினும் சிறிய வித்தியாசம் இப்போட்டியின் வரலாற்றில் இல்லை. 2020ஆம் ஆண்டிலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. ஐம்பத்தேழு விநாடி முன்னணியிலிருந்த ரொக்லிச்சை, முடிவுக்கு முந்திய நாளின் தனியோட்டத்தில், அவருடைய நாட்டவரான இருபத்தொரு வயதுப் பொகாச்சார் வீழ்த்தினார்.

மலையேற இயலாத பாய்ச்சல் வீரரின் நிலை யாது? முதல்வன் எடுத்த நேரத்துக்கு மேல் இன்ன விகிதத்துக்குள் ஒவ்வொருவனும் கட்டத்தை முடித்தல் வேண்டும் என்பது விதி. பிந்தினால் மறுநாள் ஓட்டம் இல்லை. ஆகவே மலைக் கட்டத்தின் பின்புறத்தே இன்னொரு போட்டி நிகழ்கின்றது. அது வெற்றிக்கானதன்று, நீக்கப்படாமைக்கானது. 2024ஆம் ஆண்டில், இத்தாலியிலே புளோரன்சு நகரில் தொடங்கிய முதற் கட்டத்தில், பிரித்தானிய வீரர் மார்க் கவெண்டிசு வெயில் தாங்காது வாந்தி எடுத்துப் பின்தங்கினார். அவருடைய அணியினர் அவரைச் சூழ்ந்து, தம் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஊற்றி, எல்லை நேரத்துக்குள் கொண்டு சேர்த்தனர். ஐந்தாம் கட்டத்தை அவர் வென்றார். அது அவருடைய முப்பத்தைந்தாவது கட்ட வெற்றி. பெல்சிய வீரர் எடி மெர்க்சின் முப்பத்துநான்கையும் கடந்தது. அத்தனை கட்டம் வென்ற கவெண்டிசு மொத்தக் கணக்கில் முன்வரிசையில் ஒருபோதும் நின்றிலர்.

இத்துணைக் கடுமை மனிதரைத் தவறான வழிக்கும் தள்ளியுள்ளது. 1967ஆம் ஆண்டு யூலை 13ஆந் தேதி, வாந்து மலையின் நிழலற்ற ஏற்றத்தில், ஆங்கில வீரர் தொம் சிம்சன் விழுந்து இறந்தார். வெயிலும் களைப்பும் மட்டுமன்றி, ஊக்க மருந்தும் அதற்குக் காரணமாயிற்று. அவருக்கு வயது இருபத்தொன்பது. லான்சு ஆம்ஸ்திரோங் 1999 முதல் 2005 வரை பெற்ற ஏழு வெற்றிகளும், ஊக்க மருந்து காரணமாக 2012இல் நீக்கப்பட்டன. 1904இற் போல அடுத்தவரை உயர்த்த இம்முறை எவரும் முன்வரவில்லை. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழாண்டும் வெறுமையாகவே கிடக்கின்றன.

கடைசியாக வருபவனுக்கும் இப்போட்டியில் ஒரு பெயருண்டு. புகையிரதத்தின் இறுதிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கை நினைந்து, அவனைச் 'செவ்விளக்கு' என்பர். பாரிசை அடையும் செவ்விளக்குக்குக் கிடைக்கும் கைதட்டல் பத்தாம் இடத்தவனுக்குக் கிடைப்பதில்லை. அம்மரபின் மூலவர் 1903ஆம் ஆண்டில் அறுபது பேருள் எஞ்சிய இருபத்தொருவரிற் கடைசியாக வந்த மில்லொசோ. காரானுக்கும் அவருக்கும் இடையே கணக்கில் நின்ற வித்தியாசம் 64 மணித்தியாலத்துக்கு மேல். நேரங் குறிப்போர் அதனையும் நிமிடம் விநாடி பிசகாமல் எழுதி வைத்திருக்கின்றனர்.